கடுகளவு காற்று

அந்தப் பையைத் தொடாதீங்க அம்மிணி. காலைச் சித்த அப்படிக்கா வச்சுக்கோங்க. சாஞ்சா அவ்வளவுதான். இல்லீங்க, சாம்பார் இல்லை. நெய்யும் இல்லை. தூக்குப்போசியைப் பாத்தா எல்லாருக்கும் சோத்து நெனப்புத்தான். அந்தக் கண்டக்டர் என்ன சொன்னான்? "மேல கேரியர்ல வைங்கம்மா"ன்னான். "மேல வச்சா சாஞ்சிரும்"னேன். "உள்ள என்ன, பச்சக் கொழந்தையா?"ங்கறான். பஸ்ஸே சிரிக்குது. நீங்களும் சிரிச்சீங்க, நான் பாத்தேன். சிரிங்க.

ஆட்டற ஆட்டத்தைப் பாருங்க. ஒரு குழியில எறங்கினா வண்டி ஒரு தடவை அமுங்கணும், எந்திரிக்கணும், நிக்கணும். இது ஒரு குழிக்கு மூணு தடவை ஆடுது. இந்த பஸ்ஸுல ஷாக் அப்சார்பர் எண்ணெயெல்லாம் கசிஞ்சு போயிருக்கும். ஸ்பிரிங் மட்டும் தனியாக் கெடந்து துள்ளுது. எனக்கு எப்படித் தெரியும்னா? தெரியும். ஏழாவதோட நின்னவளுக்கு இதெல்லாம் தெரியக் கூடாதுன்னு சட்டமா?

கேஸை மூடினனா இல்லையான்னு வேற மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. மூடினேன். மூடினேன்னுதான் நெனைக்கறேன். வீட்டுல அந்த மனுசன் இருக்காரு, ஆனா அடுப்பு எரிஞ்சாலும் அவரு டிவியைத்தான் பாப்பாரு. அஞ்சு மாசமா அப்படித்தான்.

சரி, பாருங்க. மூடியைத் திறந்து காட்டறேன். கையை விட்ராதீங்க. அரிசிதான். பச்சரிசி. அதுக்குள்ள நட்டு வச்சிருக்கேன் பாருங்க, நாலு. சுண்டு விரல் நீளம். பைக்ல பின்னாடி ஷாக் அப்சார்பர் இருக்கும் இல்லீங்களா, வெளிய ஸ்பிரிங் சுத்தி? அதேதான், சின்னது. ரிமோட்ல ஓட்டற காருக்கு. அந்தக் காரு ஓட்டற கிரவுண்டுல இதை டாம்பர்னு சொல்வாங்க. சாஞ்சாலும் ஒண்ணும் ஆகாது, மூடிதான் இறுகி இருக்குதேன்னு எங்க வீட்டுக்காரரு சொல்வாரு. அவரு சொல்றதை நான் எதுக்குக் கேக்கணும்? எனக்கு நட்டமா நிக்கணும்.

எங்க வீட்டுக்காரரு திருமூர்த்தி. பொள்ளாச்சியில லேத் வச்சிருக்காரு. அம்பத்தி மூணு வயசு. அந்த வயசுல அவனவன் சபரிமலைக்கு மாலை போடறான். இவரு பொம்மைக் காரு ஓட்டறாரு. பொம்மைன்னா மூக்குக்கு மேல கோவம் வந்துரும். ஆர்சி காருன்னு சொல்லணும். பேட்டரியில ஓடும். ஒரு முழம் நீளந்தான், ஆனா ரோட்டுல போற மொபெட்டு அதுகிட்டப் பிச்சை வாங்கணும், அந்த வேகம். ஈச்சனாரிகிட்ட ஒரு மூடிப்போன மில்லு இருக்கு. அதுக்குப் பின்னாடி மண்ணை வெட்டி, மேடு பள்ளம் வச்சு, சுத்திப் பலகை அடிச்சு வச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமையானா அங்க போயி நிப்பாங்க எல்லாரும். ஜாபர் பாய்னு ஒருத்தரு, லாரி ஆபீஸ் வச்சிருக்கறவரு, அவருதான் அங்க பெரியதனம். தண்ணி தெளிக்கறதுல இருந்து விசிலு ஊதற வரைக்கும்.

அந்தக் காரு மேட்டுல ஏறி ஆள் உயரம் பறக்கும். பறந்துட்டு விழும் இல்லீங்களா, அப்பத்தான் இந்த நாலுக்கும் வேலை. ஸ்பிரிங் தாங்கும். ஆனா ஸ்பிரிங்குக்குத் தாங்கத்தான் தெரியும், நிக்கத் தெரியாது. அமுக்கினா எந்திரிக்கும், எந்திரிச்சா மறுபடி அமுங்கும். அதை அடக்கறது உள்ள இருக்கற எண்ணெய். இந்தக் கம்பி தெரியுதா? கம்பி முனையில ஒரு சின்ன வில்லை இருக்கும், சட்டைப் பொத்தான் கணக்கா, நாலஞ்சு ஓட்டை போட்டு. கம்பி உள்ள போகும்போது எண்ணெய் அந்த ஓட்டை வழியா நுழைஞ்சு நுழைஞ்சு போகணும். அது அவசரப்படாது. எண்ணெய் அவசரப்படாததால காரும் துள்ளாது. அவ்வளவுதான் விசயம். இதை எங்க வீட்டுக்காரரு மணிக்கணக்கா விளக்குவாரு. கையை ஆட்டி ஆட்டி.

நான் எப்படி இதுல போயி மாட்டினேன்? அதைக் கேளுங்க.

எனக்கு மோட்டார் காயில் சுத்தற வேலை. கல்யாணம் ஆனதுல இருந்து. முடி மாதிரி செம்புக் கம்பி, ஒரு சுத்து கூடினாலும் மோட்டாரு சூடாகும், ஒரு சுத்து கொறஞ்சாலும் இழுக்காது. இருவத்தஞ்சு வருசம் சுத்தியிருக்கேன், ஒண்ணு திரும்பி வந்ததில்லை. அவரு கை லேத்துக் கை. இரும்பைத் தின்னுட்டு வர்ற கை. அதுல இந்த டாம்பரைப் புடிச்சா பொறுமை ஏது? எண்ணெயை ஊத்துவாரு, கம்பியை ரெண்டு இழுப்பு இழுப்பாரு, மூடியைத் திருகிடுவாரு. அப்புறம் "ஏன் துள்ளுது, ஏன் துள்ளுது"ன்னு தலையில அடிச்சுக்குவாரு. உள்ள காத்து இருந்தாத் துள்ளாம என்ன செய்யும்? எண்ணெய் அமுங்காது, காத்து அமுங்கும். கடுகளவு காத்து போதும்.

ஒரு நா நான் மாங்கா ஊறுகாய் போட்டுட்டிருந்தேன். ஜாடியில எண்ணெய் ஊத்தினா அடியில இருந்து பொக்குபொக்குன்னு குமிழு வரும் இல்ல? அதெல்லாம் வந்து முடியற வரைக்கும் ஜாடியை மூடக் கூடாதுன்னு நமக்குத் தெரியாதா? பக்கத்துலயே அவரு உக்காந்து மூடியைத் திருகறாரு. "ஏனுங்க, குமிழு வர விடுங்க"ன்னேன். "உனக்கென்னடி தெரியும்"னாரு. சொல்லிட்டுப் போயித் தூங்கிட்டாரு. மத்தியானத் தூக்கம். எந்திரிச்சு வர்றதுக்குள்ள நாலையும் பிரிச்சு மறுபடி ஊத்தி வச்சுட்டேன்.

அன்னிக்குச் சாயந்தரம் காரை இடுப்பு உயரத்துல தூக்கிப் புடிச்சுக் கீழ விட்டாரு. அது ஒரு சோதனை. விட்டா பொத்துன்னு விழுந்து அப்படியே உக்காரணும். பூனை சுவத்துல இருந்து எறங்கற மாதிரி. உக்காந்துச்சு. என்னைப் பாக்கலை. காரைத்தான் பாத்தாரு. மறுபடி தூக்கி விட்டாரு. மறுபடி உக்காந்துச்சு. "ம்"னாரு. அதுதான் எனக்குக் கெடச்ச பட்டம்.

அதுல இருந்து என் வேலை அது. கிரவுண்டுல இருந்து வருவாரு, "பின்னாடி ஒதைக்குது"ம்பாரு. அடுத்த நம்பர் எண்ணெய் போடுவேன், இன்னுங் கெட்டியா. "சின்னச் சின்ன மேட்டுல சக்கரம் மண்ணுல ஒட்ட மாட்டேங்குது"ம்பாரு. கொறைப்பேன். பாட்டில்ல முப்பது, முப்பத்தஞ்சு, நாப்பதுன்னு போட்டிருக்கும். நான் அதை நம்பறதில்லை. எவர்சில்வர் தட்டைச் சாச்சு வச்சு ஒரு சொட்டு விட்டு, எறங்கற வேகத்தைப் பாப்பேன். வெயில் காலத்துல எண்ணெய் இளகிப் போகும். பங்குனி பொறந்தா ஒரு நம்பர் ஏத்தணும். மழை விழுந்தா எறக்கணும். யாரும் சொல்லித் தரலை. நாலையும் வரிசையாப் புடிச்சு, கம்பியை உள்ள அமுக்கி விட்டா, நாலும் ஒண்ணு போல வெளிய வரணும். ஒண்ணு முந்தினா அந்தப் பக்கம் காரு தலை சாயும்.

ஜெயிக்க ஆரம்பிச்சாரு. சாதாரண ஜெயிப்பு இல்லீங்க, நாலு வருசம். "அண்ணே, உங்க டாம்பர் மட்டும் எப்படி இப்படி"ன்னு கேட்டா, "கைப்பக்குவம்பா"ன்னு கையைக் காட்டுவாராம். அந்தக் கையை! ஒவ்வொருத்தனா அவனவன் டாம்பரைக் குடுத்து விட ஆரம்பிச்சான். எட்டு, பன்னெண்டு, பதினாறுன்னு பையில வரும். நான் போடுவேன். இவரு ஞாயித்துக்கிழமை கொண்டு போயிக் குடுத்துட்டுக் காலரைத் தூக்கிட்டு நிப்பாரு.

எனக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்லை. நீங்க அப்படிப் பாக்காதீங்க. எனக்கெதுக்கு அந்த வெயில்ல போயி நிக்கற வேலை? அவரு கூப்பிட்டதில்லை, நான் போனதில்லை. வருத்தமே இல்லை.

அப்பத்தான் அவ வந்தா.

பல்லு டாக்டரு. மிருணாளினியாம் பேரு. வாய்க்குள்ள நுழையுதா பாருங்க. முப்பத்தாறு வயசு இருக்கும். பல்லைப் புடுங்கிட்டுக் கெடக்க வேண்டியதுதானே? அவளுக்கும் காரு. புருசன் வெளிநாட்டுல எங்கியோ இருக்கானாம். பேண்ட்டு, தொப்பி, கண்ணாடி. வந்த ரெண்டாவது மாசமே மூணாவதா வந்துட்டாளாம். இவரு வீட்டுக்கு வந்து ஒரே பாட்டு. "டாக்டரம்மா வளைவுல திருப்பறதைப் பாக்கணும்டி. டாக்டரம்மா கையி ஆடறதே இல்லைடி." நான் ரசத்துக்குத் தாளிச்சிட்டிருக்கேன், இவரு டாக்டரம்மா கையைப் பத்திப் பேசறாரு.

ஒரு நா வீட்டுக்கே வந்துட்டா, அவளோட டாம்பரை வாங்கிட்டுப் போக. காப்பி குடுத்தேன். குடுத்தா டம்ளரு அவ கையில வழுக்குச்சு. இந்த எண்ணெய் இருக்கே, சோப்புப் போட்டாலும் போகாது, சீயக்காய் போட்டாத்தான் கொஞ்சம் விடும். டம்ளரை மாத்திப் புடிச்சா. ரெண்டு விரலை ஒண்ணோடொண்ணு தேய்ச்சுப் பாத்தா. அப்புறம் என் கையைப் பாத்தா. நகத்தைப் பாத்தா. அவரு முன்னாடியே கேக்கறா: "அக்கா, இதெல்லாம் நீங்க போடறதா?"

இவரு சிரிச்ச சிரிப்பு இருக்கே! "இவளா? டாக்டரம்மா, இவளுக்கு டிவி ரிமோட்டே புடிக்கத் தெரியாதுங்க!" தொடையில தட்டிச் சிரிக்கறாரு. அவ சிரிக்கலை. என்னையே பாத்துட்டிருந்தா. நான் உள்ள போயிட்டேன்.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! என் வீட்டுக்கு வந்து, என் காப்பியைக் குடிச்சுட்டு, என் நகத்தைப் பாக்கறதுக்கு அவ யாரு? அவ கேக்கலேன்னா அவரு அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாரு இல்ல? மாட்டாரு. அவளாலதான். வேவு பாக்க வந்தவ. அவரு என்னமோ பேச்சுக்குச் சொன்னாரு, ஆம்பளைங்க நாலு பேரு முன்னாடி அப்படித்தான் பேசுவாங்க. அவ கேட்டாளே, அதைச் சொல்லுங்க.

சித்திரையில பெரிய போட்டி. அதுக்கு அவளோட நாலும் என்கிட்ட வந்துச்சு, வழக்கம்போல இவரு பையில. போட்டேன். முன்னாடி ரெண்டு, பின்னாடி வலது, மூணும் நூல் புடிச்ச மாதிரி. பின்னாடி இடதுக்கு எண்ணெய் ஊத்தினேன். குமிழு வந்துட்டிருந்துச்சு. அன்னிக்குக் காலையில அவரு சொன்னது காதுல கேட்டுச்சு. "இந்தத் தடவை டாக்டரம்மா ஜெயிச்சாக் கூட எனக்குச் சந்தோசந்தான்." மூடியைத் திருகிட்டேன்.

நான் ஒண்ணும் பண்ணலை அம்மிணி. பண்ண வேண்டியதைப் பண்ணலை, அவ்வளவுதான். நான் கை வைக்கறதுக்கு முன்னாடி அவரு பத்து வருசம் அப்படித்தானே திருகினாரு? அவரை யாராவது கேட்டாங்களா?

கடைசிச் சுத்து வரைக்கும் அவதான் முன்னாடியாம். இவரு ரெண்டாவது. பெரிய மேட்டுல பறந்து விழுந்தப்போ பின்னாடி இடது பக்கம் ஒதைச்சு, காரு கரணம் போட்டு, பலகையில போயி அடிச்சு, சக்கரத்தைத் தாங்கற முன்னாடிக் கையி ரெண்டாப் போச்சு. இவரு ஜெயிச்சாரு. அங்கியே ஜாபர் பாய் அந்த டாம்பரைக் கழட்டி, எல்லாரு முன்னாடியும் மூடியைத் திறந்திருக்காரு. மோரு மாதிரி நுரைச்சு வந்துச்சாம் எண்ணெய். "திருமூர்த்தி அண்ணே, இது நீங்க போட்டுக் குடுத்தது. மத்த மூணையும் அமுக்கிப் பாத்துட்டேன், சுத்தமா இருக்கு. ஜெயிக்கணும்னா இப்படியா ஜெயிப்பாங்க?"ன்னாராம்.

இவரு என்ன சொல்வாரு? "நான் போடலை, என் பொண்டாட்டி போட்டது"ன்னு சொல்லலாம். சொன்னா நாலு வருசமாச் சொன்னது பொய்யாயிரும். சொல்லலேன்னா கள்ளன். கள்ளனாவே வீட்டுக்கு வந்துட்டாரு.

இந்த விசயமெல்லாம் இவரு சொல்லித் தெரியலை. லேத்துல வேலை செய்யற ஆளு வந்து சொன்னான். இவரு வந்தாரு, காரைத் துணியில சுத்தி மேல பரண்ல தூக்கிப் போட்டாரு, டிவி முன்னாடி உக்காந்தாரு. "சோறு போடு." "தண்ணி கொண்டா." அஞ்சு மாசமா இதுதான் பேச்சு. என்னைப் பாத்து ஒரு வார்த்தை, "ஏன்டி இப்படிப் பண்ணினே"ன்னு கேட்டாரா? கேட்டா நான் சொல்லியிருப்பேன். கேக்கலை. கேட்டா, போட்டது நான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும் இல்ல? அதான்.

இப்பக் கதையைக் கேளுங்க. போன வாரம் கூரியர்காரன் வந்தான். "வசந்தாமணிங்கறது யாருங்க?"ன்னான். நான் பின்னாடி திரும்பிப் பாக்கறேன். எனக்கு எவன் பார்சல் அனுப்பறான்? கையெழுத்துப் போடச் சொன்னான். உள்ள இந்த நாலும். காலியா. கழுவி, புது ரப்பர் வளையம் போட்டு, பஞ்சுல வச்சு. கூட ஒரு லெட்டரு. தமிழ்லதான் எழுதியிருந்தா, பல்லு டாக்டரு.

"வசந்தாமணி அக்காவுக்கு. பின் இடதையும் மற்ற மூன்றையும் அன்றைக்கே வீட்டில் பிரித்துப் பார்த்தேன். மூன்றும் ஒரே அளவு, இம்மி பிசகவில்லை. அந்தக் கைக்குத் தெரியாமல் நாலாவதில் காற்று நிற்காது. ஏன் என்று கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்டி இருக்கிறது. இந்த நாலையும் நீங்கள் போட்டு, நீங்களே கொண்டுவந்து தர வேண்டும். வண்டியைத் தயார் செய்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். மிருணாளினி."

ஆமா, மனப்பாடந்தான். எத்தனை தடவை படிச்சேன்னு கேக்காதீங்க. பொட்டிக்குள்ள வச்சிருக்கேன். பத்திரமா இல்லீங்க, நாளைக்கு ஏதாவது வம்பு வந்தா அத்தாட்சிக்கு.

கொழுப்பைப் பாத்தீங்களா அம்மிணி? கேக்கப் போறதில்லையாம்! தெரிஞ்சும் இந்த அஞ்சு மாசமா ஜாபர் பாய்கிட்டச் சொல்லலை. ஏன் சொல்லலை? சமயம் பாத்துப் போட்டுக் குடுக்கறதுக்கு. என்னை அங்க வரவழைச்சு, நாலு ஆம்பளைங்க முன்னாடி நிறுத்தி, "இவதான்"னு காட்டறதுக்கு. வேற எதுக்கு என் பேரை எழுதறா? சொல்லுங்க. என் பேரை ஒருத்தி எதுக்கு எழுதணும்?

லெட்டரை அவரு மேல எறிஞ்சேன். படிச்சாரு. ரொம்ப நேரம் படிச்சாரு. "உன் பேருக்குத்தானே வந்திருக்கு, நீயே பாத்துக்க"ன்னாரு. டிவி சத்தத்தைக் கூட்டிட்டாரு.

நானே பாத்துட்டேன். போட்டேன் நாலையும். இன்னிக்குப் பத்தரைக்குப் போட்டி. அவ மூஞ்சியில விட்டெறிஞ்சுட்டு வர்றதுக்குத்தான் போறேன்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க யாரோ நான் யாரோ. அதோ அந்த ஓரத்துல இருக்குதே, நூலு கட்டினது. அது பின்னாடி இடது. அதுல இந்தத் தடவையும் காத்து இருக்கு. தெரிஞ்சுதான் விட்டேன். பறக்கட்டும். விழட்டும். பலகையில அடிக்கட்டும். கம்பியை அமுக்கிப் பாருங்க, கேக்குதா? கிச்சுக் கிச்சுன்னு? செருப்புக்குள்ள தண்ணி போன மாதிரி? அதான் காத்து.

என்ன இது, வண்டி இழுக்குது ஒரு பக்கமா? ஐயோ, புடிங்க, போசியைப் புடிங்க! சாயாமப் புடிங்க!

பஞ்சரா? நல்லாப் போச்சு. கிணத்துக்கடவு தாண்டி ஒரு கல்லு தூரம் வர்றதுக்குள்ள. எல்லாரையும் எறங்கச் சொல்றான் பாருங்க. "அடுத்த வண்டியில ஏத்தி விடறேன்"ங்கறான். அடுத்த வண்டி எப்ப வரும்னு கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கறான். வாங்க, அந்தப் பாலத்துக் கட்டையில உக்காரலாம், புளியமரத்து நெழலு இருக்கு. எறும்பு இருக்கான்னு பாத்து உக்காருங்க. போசியை நடுவுல வைங்க. நட்டமா.

மணி என்ன? எட்டே முக்கால். ம்.

என்ன கேட்டீங்க?

"அங்க வச்சுத் திறந்து பாத்தா இந்தத் தடவை யாரு பேரைச் சொல்வாங்க"ன்னா?

என்ன பேச்சு இது? நான் என்னமோ மனசு விட்டுப் பேசினா, நீங்க வக்கீலு மாதிரிக் கேக்கறீங்க. உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலை? பக்கத்துல உக்காந்தமா, வந்தமான்னு இருக்கணும்.

யாரு பேரைச் சொல்வாங்க? என் பேரைத்தான் சொல்வாங்க. எழுதி வச்சிருக்காளே மகராசி. போன தடவை அவரு பேரு இருந்துச்சு, அவரு தலையில விழுந்துச்சு. இப்ப இருக்கறது என் பேரு. ஜாபர் பாய் மூடியைத் திறப்பாரு. நுரைச்சு வரும். "யாருப்பா இந்த வசந்தாமணி? காத்தைக் கூட எடுக்கத் தெரியாம மூடியிருக்கு"ன்னு சொல்வாரு. காத்தைக் கூட எடுக்கத் தெரியாம!

எனக்கா தெரியாது?

இருவத்தஞ்சு வருசம் காயில் சுத்தினேன், ஒண்ணு திரும்பி வந்ததில்லை. உங்களுக்கு அப்பவே சொன்னனா? சொன்னேன்.

அந்தச் சின்னப் பையை எடுங்க. இல்லீங்க, அதுக்கு உள்ள. ஆமா, பாட்டில்தான். முப்பத்தஞ்சு. பாட்டிலை எதுக்குக் கொண்டு வந்தேனா? பையில கெடந்துச்சு, வந்துருச்சு. துணியும் கெடந்துச்சு. எல்லாத்தையும் கேக்காதீங்க. நூலு கட்டினதைத் திறக்கறேன், இந்த மூடியைப் புடிங்க. கீழ வச்சிராதீங்க, மண்ணு ஒட்டினா அப்புறம் உயிரு போனாலும் போகாது. உள்ள ஒரு ரப்பர் தொப்பி இருக்கும், அதையும் சேத்துப் புடிங்க. கையில மோதிரம் இருக்கா? பாத்து.

இப்படிக் கம்பியைக் கீழ இழுத்துட்டு, எண்ணெயை விளிம்பு வரைக்கும் ஊத்தணும். இப்ப மெதுவா மேல, மெதுவாக் கீழ. வேகமா ஆட்டினாக் குமிழு சின்னதா ஒடைஞ்சு உள்ளயே ஒளிஞ்சுக்கும். வில்லைக்குக் கீழதான் அது பதுங்கி இருக்கும். பாருங்க, வருது. ஒண்ணு. அந்தா இன்னொண்ணு. இனிக் கையை எடுத்துட்டு உக்காந்திருக்கணும். பத்து நிமிசம். ஊத வேண்டாம், உங்க மூச்சுப் படாமத் தள்ளி உக்காருங்க.

அவளுக்காக இல்லீங்க. அதை மனசுல வச்சுக்கோங்க. அவளைக் கண்டா எனக்கு இன்னும் எரியுது. நகத்தைப் பாத்தவ.

அங்க போயி என்ன சொல்லப் போறேன்னா? என்ன சொல்றது? "இந்தாங்க"ம்பேன். ஜாபர் பாய் கேப்பாரு, "இதை யாரும்மா போட்டது?"ன்னு. "நான்தான்"ம்பேன். "போன தடவை?"ன்னு கேட்டா, "அதுவும் நான்தான், எங்க வீட்டுக்காரரு இல்லை"ம்பேன். கேட்டாத்தான். கேக்காம நான் எதுக்குச் சொல்லணும்? கேப்பாரு. அந்த மனுசன் எல்லாத்தையும் கேக்கறவரு. அதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரரு மூஞ்சியை எங்க வச்சுக்குவாருன்னா, அது அவரு பாடு. கள்ளன்னு இருக்கறதுக்குப் பொய்யன்னு இருந்துட்டுப் போகட்டும். பொய்யனுக்கு டிவி முன்னாடி உக்காந்திருக்கத் தேவையில்லை, கிரவுண்டுக்குப் போகலாம்.

ஏனுங்க, அடுத்த பஸ்ஸு வருதுங்களா? அவன் சொன்ன வண்டிதானா? நம்ம கண்டக்டர் கையைக் காட்டறான். ஏறச் சொல்றான். இருக்கட்டும், கத்தட்டும். "ஏம்மா, கொழந்தையோட அம்மா, ஏறலையா?"ங்கறான் பாருங்க, வாயைப் பாரு! "உன் வண்டிக்கு முதல்ல எண்ணெய் ஊத்துடா!"

நீங்க போகணும்னாப் போங்க அம்மிணி. என்னால இதைப் பாதியில விட முடியாது. பாருங்க, ஓரத்துல ஒண்ணே ஒண்ணு ஒட்டிட்டு நிக்குது. கடுகு கூட இல்லை, கசகசா. அது வரணும். ஒன்பதரைக்குள்ள அடுத்தது ஒண்ணு வரும். வரலேன்னா லாரியைக் கை காட்டுவேன். அது மேல வராம நான் இந்தக் கட்டையை விட்டு எந்திரிக்க மாட்டேன்.

போகலையா? சரி, உக்காருங்க. உங்க இஷ்டம்.

பஸ்ஸு போயிருச்சு. போகட்டும்.

இருங்க. பேசாதீங்க. இருங்க.

வந்துருச்சு.

இப்ப ரப்பரைக் குடுங்க. ஓரத்துல இருந்து படுக்க வைக்கணும், அடியில காத்து சிக்காம. மூடி. மெதுவா, மெதுவா. மிச்ச எண்ணெய் தானா வழியும், வழியட்டும், துணியைக் குடுங்க. அந்த வலது பக்கத்தை எடுங்க, ரெண்டையும் சேத்துப் புடிச்சு அமுக்கறேன். விடறேன். பாத்தீங்களா? ரெண்டும் ஒண்ணாவே வருது. அக்கா தங்கச்சி மாதிரி. அந்த நூலை அவுத்து எறிஞ்சுருங்க, இனி எதுக்கு அது.

கையைக் காட்டுங்க. வழவழன்னு இருக்கா? வீட்டுக்குப் போயிச் சீயக்காய் போடுங்க. யாராவது நகத்தைப் பாத்துக் கேட்டா என் பேரைச் சொல்லுங்க.

இந்தாங்க, இதைக் காதுகிட்ட வச்சுட்டுக் கம்பியை அமுக்குங்க. இன்னும் கிட்ட. லாரி போயிரட்டும். இப்ப அமுக்குங்க. மறுபடி. ஏதாவது கேக்குதா?

ஒண்ணுமே கேக்கலைங்களா?

நல்லாக் கேட்டுச் சொல்லுங்க அம்மிணி. ஒண்ணுமே இல்லையா?

குடுங்க இப்படி. அரிசியில நட்டமா வைக்கணும்.